ஒர்க்‌ஷாப் சுவரில் தொங்கும் ரிப்போர்ட்

என் மைனாக்குட்டிக்கு,

உடம்பு, சாப்பாடு, தூக்கம் இந்த மூன்றும் உனக்கு அங்கே சரியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். நான் இருக்கிறேன். நல்லா இருக்கேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நல்லா இல்லை என்று எழுதினால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். முட்டி வலி பழையபடிதான். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, அதை மாற்றியாயிற்று, இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது, என் அழுகையைக் கேட்டு நீ அழுகிறாய், கிடைக்கிற பத்து நிமிஷமும் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சுவதிலேயே போய்விடுகிறது. இன்றைக்குச் சொல்ல வேண்டிய விஷயம் பத்து நிமிஷத்தில் அடங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம், பிழையைப் பார்க்காதே, விஷயத்தைப் பார்.

அப்பா போய் ஒரு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. அவர் கடைசியாகப் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில் போய் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களே, உங்களுக்கு என்ன கல் நெஞ்சா என்று என் தம்பி பெண்டாட்டி, உன் அத்தை, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் உட்கார்ந்து வாசலில் கிடக்கிற அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது. என் வேலை ஸ்கேன் அறை வாசலில். நுரையீரலில் புற்று இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற ஸ்கேன் அது, இருமல் சளி ஒன்றும் இல்லாதபோதே எடுப்பது, வருஷக்கணக்காகப் புகை பிடித்தவர்களை ஐம்பது வயதுக்கு மேல் கூப்பிட்டு எடுக்கிறார்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று அப்பா இருந்தபோது நம் வீட்டில் யாருக்காவது தெரிந்ததா. வருகிறவர் சட்டையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடுவார், அந்தக் கூடையின் எண் போட்ட வில்லையை அவர் கையில் கொடுத்து, பச்சை அங்கி ஒன்றை மாட்டி, முதுகில் நாடாவைக் கட்டிவிட்டு பெஞ்சில் உட்கார வைப்பேன். உள்ளே போனால் மூச்சை இழுத்துப் பிடி என்று இயந்திரம் சொல்லும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். அது முடிகிற வரைக்கும் கூடைகளுக்கு நான்தான் காவல். பத்துக் கூடை இருந்தால் ஏழெட்டில் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருக்கும். அந்த வாசனை உன் அப்பா சட்டையின் வாசனை. நாள் முழுக்க அதற்கு நடுவில் நிற்கிறேன், போதுமா.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே புகை பிடிப்பீங்களா என்று கேட்பார், ஆமாம் என்று இவர் சொல்வார், விட்டுடுங்க என்று அவர் சொல்வார். ஃபேனை நிறுத்துங்க என்று சொல்வது மாதிரி. இவரும் பொம்மை மாதிரித் தலையாட்டுவார். ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், கறுத்துப்போன நுரையீரல் படம் போட்டது. ஸ்கேன் முடிந்து, சட்டையைப் போட்டு, பொத்தானைக்கூட முழுதாக மாட்டாமல் வெளிப்படிக்குப் போய் நின்று முதல் வேலையாகப் பற்ற வைப்பார். அந்தக் காகிதத்தைக் கூம்பாக மடித்து அதில் சாம்பல் தட்டுகிறார்கள் மைனா, நான் கண்ணால் பார்த்தேன். சாயங்காலம் படியைக் கூட்டினால் முறம் நிறைய சிகரெட் துண்டு. புகையால் வருகிற நோயைத் தேடுகிற இடத்து வாசலில்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும், ஆனால் துடைப்பம் கையில் இருக்கும்.

புகையை விட உதவி செய்வதற்கென்றே ஒரு நர்ஸ் பெண் இருக்கிறாள், உன் வயதுதான், முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி, அதனால் எல்லோருக்கும் அவள் கண்ணாடிதான். கெட்டிக்காரி. ஆனால் அவளுக்கு அறை கொடுத்திருக்கிற இடம் எது தெரியுமா, மூன்றாவது மாடியில் கடைசி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மூச்சு வாங்குகிற மனுஷனை மூன்று மாடி ஏறி வந்து மூச்சைக் காப்பாற்றிக்கொள் என்றால் எவன் ஏறுவான். அவள் காலையிலிருந்து தனியாக உட்கார்ந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மேலே ஏறிப்போய், ஏம்மா, இங்க உட்கார்ந்து யாருக்கு வைத்தியம் பாக்கறே, கீழே வா, என் பெஞ்சு பக்கத்துல நாற்காலி போடு, அந்த நேரத்துல அவங்க சட்டை என் கூடையில இருக்கு, சிகரெட்டும் என்கிட்ட இருக்கு, பச்சை அங்கி போட்டுக்கிட்டு எவனும் ஓட முடியாது, அப்ப பேசு என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தாள். அடுத்த நாளே நாற்காலியோடு இறங்கி வந்துவிட்டாள். அதற்கு சூப்பர்வைசர் குதித்தார் பார், இது காத்திருக்கிற இடம், ஆலோசனை சொல்ற இடம் இல்லை என்று. காத்திருக்கிறவன் சும்மாதானே காத்திருக்கிறான், காதும் சும்மாதானே இருக்கு என்று கேட்டேன். வாரத்தில் இரண்டு காலை மட்டும் என்று கடைசியில் விட்டார், அதுவும் நாற்காலி சுவரைத் தொடக் கூடாதாம்.

அவள் பேசுகிற விதமே வேறு. விடுங்கள் என்று சொல்லவே மாட்டாள். காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்டுங்க என்று கேட்பாள். கண் விழித்த அரைமணி நேரத்துக்குள் என்றால் உடம்பு அதற்கு நன்றாகப் பழகிவிட்டது, வெறும் மனவுறுதியை நம்பி விட்டால் திண்டாடுவார்கள், மருந்தும் கூடச் சேர வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தாள். எந்த சிகரெட்டை விடறது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் என்று அடுத்த கேள்வி. அதற்கு மனுஷர்கள் வாய் திறந்து பேசுகிறார்கள் மைனா, டீயோடு பிடிப்பது, மனைவியோடு சண்டை போட்டால் பிடிப்பது என்று. சிகரெட் ஏக்கத்தை அடக்கத் தோளில் ஒட்டுகிற பிளாஸ்திரி கொடுக்கிறாள், சூயிங்கம் போல மெல்லுகிற கோந்து கொடுக்கிறாள். அதை மிட்டாய் மாதிரி கரகரவென்று மென்று விக்கல் எடுத்துத் தூக்கிப் போட்டவர்கள் பத்துப் பேர், ரெண்டு கடி கடிச்சு கன்னத்துல ஒதுக்கி வைங்கப்பா என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பாடமாகிவிட்டது. அவள் இல்லாத நாளில் நானே சொல்கிறேன்.

இவ்வளவும் ஊராருக்கு. சொந்தத் தம்பிக்கு என்ன செய்தேன் என்று கேள். உன் மாமாவை ஸ்கேனுக்கு வா வா என்று எட்டு மாதம் கெஞ்சினேன். பதினாறு வயதில் ஸ்பேனர் பிடித்த கையில் சிகரெட்டும் பிடித்தவன். தேடினா ஏதாவது கிடைக்கும்க்கா, தேடாம விட்டா ஒண்ணும் கிடைக்காது என்பான். ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில், வண்டி விட வந்தவர்கள் நாலு பேர் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் சொன்னேன், ஒரே ஒரு தடவை வந்து படு, சுத்தம்னு வந்துட்டா அப்புறம் உன் சிகரெட்டைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன், உங்க அத்தான் மேல சத்தியம் என்று. புத்தி கெட்டவள் நான். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அவன் நெஞ்சில் ஏதாவது சின்னதாக ஒரு புள்ளி தெரியட்டும், பயந்து விட்டுவிடுவான் என்றுதான் அப்படிச் சொன்னேன். எந்த அக்காவாவது தம்பி நெஞ்சில் புள்ளி வரட்டும் என்று நினைப்பாளா, நான் நினைத்தேன். வந்தான், அங்கி நாடாவை நானே கட்டினேன், ஒரு வாரத்தில் கடிதம் வந்தது, சந்தேகப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, அடுத்த வருஷம் மறுபடி வரவும், புகையை விட உதவி வேண்டுமானால் கேட்கவும் என்று. எனக்கு உயிர் வந்தது. அவனுக்குக் கொம்பு முளைத்தது.

என்ன செய்தான் தெரியுமா, அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து ஸ்பேனர் தொங்குகிற சுவரில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டிவிட்டான். அடியில் புகையை விடுவது பற்றி இருக்கிறதே அந்த வரி, அதன் மேல் எஞ்சின் ஆயில் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம் எஞ்சின் கண்டிஷன்ல இருக்கு, சைலன்சர்ல மட்டும்தான் லேசா புகை என்கிறான். என் முன்னாலேயே பற்ற வைத்து, அக்கா வாக்குத் தவறாதவ என்று சிரிக்கிறான். சத்தியத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறேன். இதோடு போயிற்றா என்றால் இல்லை. போன மாதம் ஒரு லாரி டிரைவர் அங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடி அவரிடம் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தாள், அவர் கையை ஆட்டி, அட போம்மா, பாலத்துக்குக் கீழ ஒரு மெக்கானிக் இருக்காரு, நாப்பது வருஷமா ஊதறவரு, இதே ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு, ஒண்ணும் இல்லைன்னு சுவத்துல மாட்டி வெச்சிருக்காரு, போய்ப் பாரு என்றார். நான் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. அந்த வாரத்தில் அதே கதையை இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். நான் இங்கே ஒருவரைத் திருப்ப, என் தம்பி அங்கே பத்துப் பேரைக் கெடுக்க.

கண்ணாடியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், அந்த மெக்கானிக் என் தம்பிதான் என்று. அவள் சிரிக்கவில்லை. இன்னைக்குக் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலைன்னுதான்மா அந்தக் காகிதம் சொல்லுது, நாளைக்கு வராதுன்னு சொல்லலை, இதயத்தையும் ரத்தக் குழாயையும் புகை என்ன பண்ணுதுன்னு அதுல முழுசா தெரியாது, சுத்தமா இருக்கறப்ப விடறதுதான் லாபம் என்றாள். இதை அவனுக்குச் சொல்ல நான் வாயைத் திறக்க முடியாதே என்றேன். திறக்காதீங்க, கொடுத்த வாக்கைக் காப்பாத்துங்க, தினமும் போய்ப் பக்கத்துல சும்மா உட்காருங்க, திட்டற வீட்ல ஒளிக்கத்தான் கத்துக்கறாங்க, சிகரெட்டை மட்டும் இல்ல, இருமலையும் ஒளிப்பாங்க என்றாள். அது எனக்கு அப்போது ஏறவில்லை.

வேலை முடிந்து தினமும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கவிழ்த்துப் போட்ட ஆயில் டப்பா மேல் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பேன், அவன் பற்ற வைப்பான், நான் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாய்க்குள் வார்த்தை கொதிக்கும். நீ என் வாயை அறிவாய், அரை மணி நேரம் அது மூடியிருப்பது எனக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியும். நாலாம் நாள், அக்கா நீ திட்டிடேன், இப்படி உம்முன்னு உட்கார்ந்திருக்கிறதுதான் பயமா இருக்கு என்றான். ஆறாம் நாள் பாதியில் அணைத்துப் போட்டான். ஒன்பதாம் நாள், டேய் எந்த சிகரெட்டை விடறது உனக்குக் கஷ்டம் என்று மட்டும் கேட்டேன். இது திட்டு இல்லையே, சத்தியத்தில் சேராது. அவன் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான், கையை நிறுத்திவிட்டான். சாயங்காலம் அஞ்சு மணி சிகரெட்டுக்கா, அது தினமும் இங்க அத்தானோட பிடிச்சது என்றான். பிறகு தலையைத் தூக்காமலேயே சொன்னான். அப்பா நோய் தெரிந்து படுத்தாரே, அதற்கு நாலு மாதம் முன்னாலேயே அங்கே நின்று இருமியிருக்கிறார், கைக்குட்டையில் ரத்தம். அந்தக் கைக்குட்டையை ஒர்க்‌ஷாப் குழாயில், கிரீஸ் கழுவுகிற சோப்பைப் போட்டு அலசிக் காயவைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாராம். டாக்டர்கிட்ட போலாம் அத்தான் என்று இவன் சொன்னதற்கு, போறேண்டா, உங்க அக்கா காதுல மட்டும் போட்டுடாதே, அவ திட்டற திட்டுல இருக்கற மூச்சும் நின்னுடும் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். நாலு மாதம் மைனா. நம் டாக்டர் என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாரே.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய், செய்த சத்தியமெல்லாம் காற்றில் போயிற்று. ஒர்க்‌ஷாப் அதிரக் கத்தினேன். என் புருஷன் ரத்தம் துப்பினது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா, நீயெல்லாம் ஒரு தம்பியா, பக்கத்தில் நின்று பற்ற வைத்துக் கொடுத்தாயா என்று. வண்டி எடுக்க வந்த ஆள் வண்டியை எடுக்காமலே போய்விட்டான். உன் மாமா நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியில் ஒன்று கேட்டான், நான் சொல்லியிருந்தா நீ என்னையாக்கா திட்டியிருப்பே, அவரைத்தானே என்று. டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அவனோ, எனக்கு ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் வந்தப்ப சந்தோஷமே வரலை, அத்தானுக்கு இப்படி வந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு, அந்த வெட்கத்துலதான் சுவத்துல மாட்டிக்கிட்டு ஆடினேன் என்று உன் அத்தையிடம் சொல்லி அழுதிருக்கிறான். அவள் வந்து சொன்னாள். எனக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. இப்போதும் முழுக்க அடங்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கேன் அறை வாசலில் நிற்கிறான், வேலைச் சட்டையோடு, கிரீஸ் கையோடு. அந்தக் கண்ணாடிப் பொண்ணு எங்கே உட்காரும் என்று கேட்டான். நான் வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து விரலால் நாற்காலியைக் காட்டினேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் அந்தப் பக்கம் காதைக் கொடுக்காமல் கூடைகளைத் துடைத்தேன், துடைத்த கூடையையே துடைத்தேன். இன்றைக்குப் பதினோரு நாள். தோளில் பிளாஸ்திரி, கன்னத்தில் கோந்து. இரண்டு நாள் தவறிவிட்டது, இரண்டும் அந்த ஐந்து மணிக்குத்தான். தவறினா முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டாங்க, விட்ட இடத்துலேருந்து தொடருங்க என்றாளாம் அவள். சிடுசிடுவென்று இருக்கிறான், போல்ட்டை விட வேகமாக மனுஷரை முறுக்குகிறான் என்று உன் அத்தை புலம்புகிறாள். முறுக்கட்டும். ரிப்போர்ட்டை மட்டும் கழற்றவில்லை, எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஆனால் ஆயில் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டான், பாதி எழுத்து அதோடு போய்விட்டது.

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். அங்கே உனக்கு எந்த நேரமாக இருந்தாலும் சரி, இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமாவுக்குப் போன் செய். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாள். விட்டுட்டீங்களா மாமா என்று கேட்காதே, இன்றைக்கு எத்தனை என்றும் கேட்காதே. எந்த வண்டி வந்தது, என்ன ரிப்பேர், என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டு அந்தக் கால் மணி நேரத்தைத் தாண்டிவிடு. அப்பா விஷயத்தை ஏன் மறைத்தாய் என்று நீ அவனைக் கேட்கக் கூடாது, உனக்கு அதற்கு உரிமை இருக்கிறது, இருந்தாலும் கேட்காதே. உனக்குக் கோபம் வந்தால் எனக்கு எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன், எனக்கு வர வேண்டியதுதான். தலைக்கு எண்ணெய் வை. ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் வேலையிடத்தில் மாடிப்படியில் நின்று புகை பிடிக்கிறவர்கள் இருப்பதாகச் சொன்னாயே, அவர்களிடம் முகத்தைச் சுளிக்காதே, முடிந்தால் முதல் சிகரெட் எப்போது என்று கேட்டுப் பார். நீ நூறு வயது நல்ல மூச்சோடு இருக்க வேண்டும், நான் வேறு எதையும் கேட்கவில்லை. கிடைத்ததும் இரண்டு வரி பதில் எழுது.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு மூடி வைக்க மனம் வரவில்லை. அப்பாவின் தீக்குச்சிகளை நான் எண்ணி வைப்பேன், சிகரெட் பெட்டியை வாளித் தண்ணீரில் முக்குவேன், அவர் உள்ளே வந்ததும் உன்னை அனுப்பிச் சட்டையை மோந்து பார்க்கச் சொல்வேன், நீயும் சின்னப்பிள்ளை, ஓடி வந்து ஆமாம்மா என்பாய், அன்றைக்குச் சோறு தொண்டையில் இறங்காத அளவுக்குத் திட்டுவேன். எல்லாம் அவர் உயிருக்காகத்தான். இப்போது பெஞ்சில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன், அவர்கள் தாங்களாகவே இருமலைச் சொல்கிறார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் அப்பா பக்கத்தில் நான் இப்படி உட்கார்ந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாரா, மைனா?